முதற்பிரதி வாங்கப்போகும் காக்காவுக்கு

அன்புள்ள காக்காவுக்கு (உங்கள் பேச்சில் அண்ணன் என்றால் காக்காதானே),

இதைக் கடையில் வைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் பிவிசி குழாய்க்கு விலை கேட்கிறவருக்கும் சீமெந்து ஏற்ற லொறி கேட்கிறவருக்கும் நடுவில் நின்று கவிதைப் புத்தகத்தைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். மகன் போனில் காட்டுவார். எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லுங்கள்.

முதலில் செய்தி. வெளியீடு நவம்பர் 23 இல்லை. தைக்குத் தள்ளிவிட்டேன். பொங்கலும் முடிந்திருக்கும், நோன்பும் தொடங்கியிருக்காது.

அந்தத் தேதியைச் சொன்னதும் நீங்கள் கல்குலேட்டரைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. "எழுவத்தெட்டுல சூறாவளி அடிச்ச நாள் தம்பி அது. வேற நாளே கிடைக்கல்லியா?" 1978 நவம்பர் 23 எனக்குப் புத்தகத்தில் படித்த தேதி. உங்களுக்கு அது மேசைக்கடியில் உம்மாவின் மடியில் விடிந்த இரவு. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன என்றீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் வாப்பா தகரமும் ஆணியும் விற்கத் தொடங்கினார் என்றீர்கள். அழைப்பிதழைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மட்டக்களப்பில் புத்தக வெளியீட்டுக்கு நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கஷ்டம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. அந்தச் சடங்கின் நிறைவான குளிர்த்தியை விட்டுவிட்டு யார் கவிதை கேட்க வருவார்? ஆடி அமாவாசைக்கு ஊரே மாமாங்கத் தீர்த்தத்தில் நிற்கும். ஆவணியில் சிறுபோக வெட்டு. போன வருஷம் கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு வெளியீட்டுக்குப் போனேன். கரண்ட் போய்விட்டது. ஆய்வுரை செய்தவரின் தாள்கள் யன்னல் வழியாகப் பறந்தன, அவர் அதற்குப் பிறகு பேசியதுதான் நன்றாக இருந்தது. சபையில் வெக்கைக்கு எல்லாரும் அந்தப் புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கவிதைத் தொகுப்பை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கையில் எடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாரியில் வைத்தால் வேறு கதை. நண்பர் ஒருவரின் வெளியீட்டுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விடவில்லை, பாவம், ஏற்புரை நன்றியுரை வரை இருந்தார்கள். ஒருவர் கடைசியில் புத்தகமும் வாங்கினார். தலையில் பிடித்துக்கொண்டு போக.

நான் தினமும் உங்கள் கடையைத் தாண்டித்தான் போகிறேன். ஆறரைக்குக் கல்லடியில் ஸ்கூட்டரை எடுத்தால் காத்தான்குடி நடுவீதிப் பேரீச்சை மரங்கள், ஆரையம்பதி, மண்முனைப் பாலம், அப்புறம் வாவிக்கு அக்கரையில் நான் படிப்பிக்கிற படுவான்கரை. பாலம் 2014இல் திறந்தது. அதற்கு முன் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்துக் கிடக்க வேண்டும், அப்படிக் கிடந்த நேரத்தில் எழுதியவைதான் என் முதல் தொகுப்பில் பாதி. பாலம் வந்தது ஊருக்குப் பெரிய நன்மை. என் கவிதைக்குத்தான் நட்டம். இந்த இரண்டாவது தொகுப்பு இவ்வளவு சுணங்கியதற்கு யாராவது காரணம் கேட்டால் பாலத்தைக் கைகாட்டுகிறேன்.

மாரி தொடங்கினால் அந்தப் பக்கம் எது வயல் வட்டை, எது வாவி என்று தெரியாது. வகுப்பில் பிள்ளைகள் யாப்பிலக்கணம் கேட்பதில்லை. "உன்னிச்சை வான்கதவு திறந்தாச்சா சேர், ஆற்றுவாய் வெட்டியாச்சா சேர், நாளைக்கு லீவா சேர்" என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். குளத்து வான்கதவு திறந்தால் வெள்ளம், வெள்ளத்தைக் கடலுக்கு விட ஆற்றுவாயை வெட்டுவார்கள், வெள்ளம் என்றால் லீவு. மூன்றும் ஒரே கேள்விதான்.

புத்தகத்துக்கு வருகிறேன். 96 பக்கம், பதினாறு பதினாறாக ஆறு போம் (அச்சு மடிப்பு). 300 பிரதி. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்துப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாட்டில், இது பெரிய காரியம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். பின்னட்டையில் 978-624 என்று தொடங்கும் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைப் பார்த்து மாமி அது யாருடைய போன் நம்பர் என்று கேட்டார்.

இன்னொரு கூத்தும் நடந்தது. என் பழைய கோப்பெல்லாம் பாமினி எழுத்துருவில் கிடந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றியபோது, கொம்பு போட்ட எழுத்துக்குப் பக்கத்தில் ளகரம் வந்த இடமெல்லாம் ஔகாரமாகிவிட்டது. மழைக் கவிதைகள் வேறு! பக்கத்துக்குப் பக்கம் 'வௌ்ளம்'. வ-வுக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்க வேண்டிய எழுத்தை வெள்ளமே கொண்டுபோன மாதிரி. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் திருத்தினேன். கடைசியில் அழைப்பிதழில் 'நூல் வௌியீடு' என்று அடித்து வந்தது. தேதி மாறியதில் எனக்கு ஒரு லாபம், அந்த அட்டையை எறிய முடிந்தது.

மாமி வேறு விஷயத்துக்கும் பயப்படுகிறார். விபுலாநந்த அடிகள் பதினான்கு வருஷம் உழைத்து 1947 ஜூனில் தமிழிசை ஆய்வான யாழ்நூலை அரங்கேற்றினார், ஜூலை 19 காலமாகிவிட்டார். அவருடைய சமாதி எங்கள் கல்லடியில்தானே இருக்கிறது, மாமி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வார் போல. "வெளியீட்டை ஆறுதலாச் செய்யுங்க மகன், அவசரமில்ல" என்கிறார். என் 96 பக்கத்துக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சரி, இனித்தான் சொல்ல வந்தது.

புத்தகங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. உங்கள் கடையில் இறங்கித் தறப்பாள் கேட்டேன், கணக்கில் எழுதிவிட்டுக் கொடுத்தீர்கள். அதற்குள் ஒரு கட்டு நனைந்துவிட்டது. "இஞ்ச வெச்சிட்டுப் போங்க, ஃபேனுக்குக் கீழ காயட்டும்" என்றீர்கள். இரண்டு நாள் கழித்து வந்தபோது பெயின்ட் வாளிகளின் மேல் ஒவ்வொன்றையும் விரித்து வைத்திருந்தீர்கள். ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தீர்கள். மூக்கில் கண்ணாடி. ஒட்டிக்கிடந்த தாளை விரலில் பவுடர் தொட்டுத் தொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். பிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன், வாசித்துக்கொண்டும் இருந்திருக்கிறீர்கள்.

"தம்பி, இது என்ன? 'பள்ளத்தில் ஆணி அறைந்த தகரத்தில் மேட்டு மழையும் வந்து சேர்கிறது' எண்டு எழுதியிருக்கீங்க. பள்ளத்துல ஆரும் ஆணி அடிப்பானா? நெளிவுல மேட்டுலதான் அடிக்கிற. பள்ளத்துலதானே தண்ணி ஓடுது? ஓட்டையால வீடெல்லாம் ஒழுகும்."

நான் பேசாமல் நின்றேன். நீங்களே கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறுகா, ஒழுகுற வீடு எண்டு தெரிஞ்சுதான் எழுதினீங்களோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் காக்கா, தெரிஞ்சுதான்" என்றேன்.

நீங்கள் தோளில் தட்டினீர்கள். முதற்பிரதி வாங்க வருகிறேன் என்று சொன்னதும் அப்போதுதான்.

அது பொய் காக்கா. எனக்குத் தெரியாது. தகரத்தில் ஆணி எங்கே அடிப்பார்கள் என்று நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. 'பள்ளம்' 'மேடு' என்று எதிரெதிராக விழுகிறதே என்று எழுதினேன், அவ்வளவுதான். இதில் இன்னொரு சிக்கல், ஆய்வுரை செய்யப்போகிற பேராசிரியர் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். ஒடுக்கப்பட்டவர்களின் குறியீடாம். அவருக்குத் தகரக் கணக்கை யார் விளங்கப்படுத்துவது?

வரியைத் திருத்தவும் வழியில்லை. 'மேட்டில் ஆணி' என்று மாற்றினால் ஒழுக்கு நின்றுவிடும். ஒழுக்கு நின்றால் கவிதையும் நின்றுவிடும்.

போன ஞாயிறு மழை வெளித்த நேரம் அம்மாவின் வீட்டுக்குப் போய் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். முன்பக்கம் எல்லாம் ஒழுங்கு, மேட்டிலேயே ஆணி, கூரை வேலை தெரிந்த பாஸ் அடித்த வேலை. பின்னால் குசினித் தகரத்தைப் பார்த்தால் ஒரு வரிசை முழுக்கப் பள்ளத்தில். ஆணித் தலையைச் சுற்றிக் கறள், அதன் மேல் யாரோ எப்போதோ அப்பிய தார். அம்மாவிடம் கேட்டேன். "பாசுக்குக் குடுக்கக் காசு முடிஞ்சிட்டு. உங்க அப்பாதான் ஏறி அடிச்சவர்" என்றார். சின்ன வயதில் மாரி முழுக்க அந்தக் குசினியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சட்டி வைத்திருப்போம். இரவில் அது நிரம்பும் சத்தம் மாறும், அம்மா எழும்பி ஊற்றுவார். அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் கவிதை. ஆணியைப் பற்றி இல்லை.

அதனால் வரியை அப்படியே விடுகிறேன். ஆனால் நான் சொன்ன பொய்யோடு முதற்பிரதி உங்கள் கைக்கு வரக்கூடாது என்று பட்டது. வர மனமில்லை என்றாலும் கோபமில்லை. வந்தால், தாள்கள் அலையலையாகக் காய்ந்த அந்தப் பிரதியைத்தான் உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். புதுசு வேண்டுமென்றால் மேடையில் வைத்துக் கேட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. எட்டடித் தகரம் நாலும், ரப்பர் வாஷர் போட்ட ஆணி ஒரு கிலோவும் ஒதுக்கி வையுங்கள். தறப்பாள் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதற்பிரதிக்கு என்வலப்பில் என்ன வைப்பதாக இருந்தீர்களோ அதில் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள், நான்தான் தர வேண்டி வரும் என்று நினைக்கிறேன். அடிக்கிறதுக்கு நல்ல பாஸ் ஒருவரும் வேண்டும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து உங்கள் தம்பி