செயலாளரின் ஆண்டறிக்கை: அறிபுனைத் தொடர்களின் முரண்பாட்டுப் பதிவேடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் காணப்படும் கதை ஓட்டைகளையும், பாத்திரங்கள் தம் இயல்புக்கு மாறாக நடந்துகொள்ளும் இடங்களையும் பதிவு செய்துவரும் நமது மன்றத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, ஓர் எபிசோடை மீண்டும் முழுமையாகப் பார்க்காமல், நினைவை மட்டும் நம்பி எந்தக் குறையையும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை என்ற விதி இவ்வாண்டு முழுவதும் பின்பற்றப்பட்டது. புதிய பதிவுகள் இதனால் குறைந்துவிட்டன என்று உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் பழைய பதிவுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, இந்த விதியை முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. ‘ஃபயர்ஃப்ளை’ தொடர் தன் பாத்திரங்களைச் சரியாக அறிமுகம் செய்யாமலேயே தொடங்குகிறது, இறுதியில்தான் அவர்கள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள் என்றொரு பதிவு நெடுநாளாக இருந்துவந்தது. இதில் எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. முதலில் வந்திருக்க வேண்டிய தொடக்கக் கதையை ஒளிபரப்பியவர்கள் ஒதுக்கிவைத்து, 2002 டிசம்பர் 20 அன்று கடைசியாகக் காட்டினார்கள். உரிய வரிசையில் பார்த்தால் அந்த ஓட்டையே இல்லை என்பதால் அந்தப் பதிவு நீக்கப்பட்டது.

இவ்வாண்டு நாம் மிக அதிக நேரம் செலவிட்டது 1966 அக்டோபரில் ஒளிபரப்பான ‘தி எனிமி விதின்’ என்ற ஸ்டார் ட்ரெக் எபிசோடுக்காக. ஆட்களை ஓரிடத்தில் கரைத்து மற்றோரிடத்தில் உருவாக்கும் டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகி, எண்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் கிர்க் நல்லவரும் கெட்டவருமாக இரண்டு பேராகப் பிரிந்துவிடுகிறார். அதே பழுதினால், கீழே ஒரு கோளின் தரையில் கப்பல் அதிகாரி சூலுவும் அவருடன் சென்றவர்களும் மேலே திரும்ப வழியின்றி மாட்டிக்கொள்கிறார்கள். இரவு ஏற ஏறக் குளிர் ஏறுகிறது. சூலு தன் ஃபேசர் துப்பாக்கியால் பாறைகளைச் சுட்டுச் சூடாக்குகிறார், அதைச் சுற்றி எல்லோரும் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பெரிய கப்பலில், கீழே போய் அவர்களை ஏற்றிவர ஒரு சிறு விண்ணோடம்கூடவா இல்லை?

அந்த வாரத்தில் இல்லை என்பதுதான் விடை. விண்ணோடம் அத்தொடரில் முதன்முதலாகத் தோன்றியது 1966 நவம்பரில், ‘தி மெனாஜரி’ எபிசோடில். டிரான்ஸ்போர்ட்டர் என்ற கருவியே, வாரந்தோறும் கப்பலைக் கோள்களில் இறக்கிக் காட்டும் செலவைத் தவிர்ப்பதற்காகக் கற்பனை செய்யப்பட்டது. ஆகவே 1966 அக்டோபரில் அந்தக் கதை குறையற்றதாகவே இருந்தது, அடுத்த மாதம் வந்த வேறொரு கதைதான் அதில் ஓட்டை போட்டது. காற்று பலமாக இருப்பதால் ஓடம் இறங்க முடியாது என்று ஒரே ஒரு வசனம் இருந்திருந்தால் போதும், ஆனால் அப்படியொரு ஓடம் வரப்போகிறது என்று அறியாத எழுத்தாளர் அதை எதற்காக எழுதியிருக்கப் போகிறார்? இந்த விவாதத்தின் பயனாகப் பதிவேட்டில் ‘பின்னாளில் உண்டான ஓட்டை’ என்ற புதிய பத்தி சேர்க்கப்பட்டது. இவ்வாண்டின் மிக முக்கியமான பணியாக நான் இதையே கருதுகிறேன்.

அந்தப் பத்திக்கு மாற்றப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன். 1992-ல் வந்த ‘ரெலிக்ஸ்’ எபிசோடில், டிரான்ஸ்போர்ட்டருக்குள்ளேயே 75 ஆண்டுகள் உறைந்திருந்த, கிர்க்கின் கப்பல் பொறியாளர் ஸ்காட்டி மீட்கப்படுகிறார். தம்மைக் காப்பாற்றிய கப்பலின் பெயர் எண்டர்பிரைஸ் என்று கேட்டதும், ஜிம் கிர்க்கே நேரில் தேடி வந்துவிட்டார் என்று நம்பி அவர் முகம் மலர்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘ஜெனரேஷன்ஸ்’ திரைப்படமோ, ஸ்காட்டி காணாமல் போவதற்கு முன்பே, அவர் கண்ணெதிரிலேயே கிர்க் இறந்ததாகக் கருதப்பட்டுவிட்டதைக் காட்டுகிறது. இரண்டையும் எழுதியதில் ரொனால்ட் டி. மூருக்குப் பங்குண்டு என்பதால் அவர் தம் கதையையே மறந்துவிட்டார் என்று முன்பு எழுதிவைத்திருந்தோம். திரைப்படத்தின் அந்தக் காட்சி கிர்க்கின் நெருங்கிய தோழர்களான ஸ்பாக்கையும் மெக்காயையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த நடிகர்கள் இருவரும் நடிக்க முன்வராததால் அவர்களுடைய இடம் ஸ்காட்டிக்கும் செக்கோவுக்கும் போனது. காரணம் தெரிந்த பிறகு அந்தப் பதிவின் கடுமையைக் குறைத்துக்கொண்டோம். ஆயினும், ஸ்காட்டியின் அந்த மலர்ந்த முகத்தை இனிப் பார்க்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுவதை எந்தக் காரணமும் மாற்றிவிடாது.

ஓட்டைகளை அடைக்கப் படைப்பாளிகள் செய்யும் முயற்சிகளைப் பற்றியும் ஒரு கூட்டம் நடைபெற்றது. ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுலக இனமான கிளிங்கன்களுக்கு 1960-களில் நெற்றி நம்மைப் போல வழவழப்பாக இருந்தது, 1979-க்குப் பிறகு எலும்பு மேடுகள் முளைத்தன. ஒப்பனைக்கான பணமும் வசதியும் கூடியதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை. 1996-ல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ குழுவினர் காலத்தில் பின்னோக்கிச் சென்று பழைய கிளிங்கன்களை நேரில் பார்த்துவிட்டு, எல்லோருமாகத் தங்களுடன் வந்த கிளிங்கனான வோர்ஃபை வியப்போடு திரும்பிப் பார்க்கிறார்கள். வெளியாரிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார் அவர். 2005-ல் ‘எண்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு எபிசோடுகளைச் செலவழித்து, மரபணு மாற்றத்தால் பரவிய ஒரு தொற்றே காரணம் என்று விளக்கியது. இரண்டாவதுதான் முறையான விளக்கம் என்று பலர் வாதிட்டார்கள். என் கருத்து வேறு. வோர்ஃபின் பதிலில் மானமும் வெட்கமும் உள்ள ஓர் இனம் கண்முன் நிற்கிறது, தொற்றுநோய்க் கதை எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருந்தாலும் எனக்கு அது சப்பைக்கட்டாகவே படுகிறது. கூட்டம் முடிவு எட்டாமல் கலைந்தது.

இயற்பியல் தொடர்பான ஓட்டைகளில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஸ்டார் ட்ரெக்கின் ‘தி நெக்ஸ்ட் ஃபேஸ்’ எபிசோடில், ஆவியைப் போல மாறிவிட்ட ஜோர்டி லா ஃபோர்ஜும் ரோ லாரனும் சுவர்களையும் மனிதர்களையும் ஊடுருவி நடக்கிறார்கள், ஆனால் தரை மட்டும் அவர்களைத் தாங்குகிறது. அவர்களைப் போலவே மாறிவிட்ட, ராமுலன் என்ற வேற்றுலக இனத்தவர் ஒருவரைக் கப்பலின் சுவர் வழியாக விண்வெளிக்கே தள்ளிவிடுகிறார்கள், அப்போதும் காலடியில் உள்ள தளம் உறுதியாகவே நிற்கிறது. ‘ஸ்பேஸ்: 1999’ தொடரில் அணுக்கழிவு வெடித்து நிலவு தன் பாதையை விட்டு விலகி, வாரம் ஒரு வேற்றுலகத்தை எட்டிவிடுகிறது. மிக அருகிலுள்ள விண்மீனே நான்கு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதை நினைத்தால் இது எந்தக் கணக்கிலும் அடங்காது. இவற்றைப் பதிவு செய்தோம், ஆனால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

பாத்திரங்களின் நடத்தையைப் பற்றிய பகுதியே இவ்வாண்டு நம் உறுப்பினர்களை உண்மையாகவே கலங்க வைத்தது. ஸ்டார் ட்ரெக் வரிசையின் ‘வாயேஜர்’ தொடரில் வரும் கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வீசப்பட்டு, திரும்பிவர 75 ஆண்டுகள் ஆகும் நிலையில் தவிக்கிறது. குழுவினரை வீடு சேர்ப்பதே கேப்டன் ஜேன்வேயின் உறுதிமொழி. 1996-ல் வந்த ‘திரெஷோல்ட்’ எபிசோடில் கப்பலின் ஓட்டுநர் டாம் பாரிஸ் வார்ப் 10 வேகத்தை எட்டுகிறார், அதாவது எந்த இடத்தையும் அந்தக் கணமே அடைய முடியும். பக்கவிளைவாக அவரும் ஜேன்வேயும் பல்லி போன்ற நீர்வாழ் உயிர்களாக மாறிவிடுகிறார்கள், கப்பலின் மருத்துவர் இருவரையும் குணப்படுத்தி மனிதர்களாக மீட்டுவிடுகிறார். வழியும் கிடைத்துவிட்டது, வழியின் கேட்டுக்கு மருந்தும் கிடைத்துவிட்டது. இருந்தும், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைப் போல, அவர்கள் மேலும் பல ஆண்டுகள் பழைய வேகத்திலேயே ஊர்கிறார்கள். பல்லியாக மாறுவதை நான் பொறுத்துக்கொள்வேன். வீட்டை நினைத்து ஏங்குகிறவர்களில் ஒருவர்கூட ‘இன்னொரு முறை முயன்று பார்ப்போமா’ என்று கேட்கவில்லை என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்படிக் கேட்டு, அதற்கு ஜேன்வே மறுத்திருந்தால்கூட அவர்கள் மனிதர்களாக இருந்திருப்பார்கள்.

அதே ஆண்டில் வந்த ‘டூவிக்ஸ்’ எபிசோடை இதே வரிசையில் சேர்க்கலாமா என்ற கேள்விக்காக ஒரு தனிக் கூட்டமே தேவைப்பட்டது. அதே கப்பலில் உள்ள டூவாக், நீலிக்ஸ் என்ற இருவர் விபத்தில் ஒன்றாகக் கலந்து மூன்றாவது மனிதர் ஒருவர் பிறக்கிறார். உயிரோடு விடும்படி அவர் மன்றாடுகிறார். மருத்துவர் மறுத்துவிட, ஜேன்வே தம் கையாலேயே அவரைப் பிரித்து முந்தைய இருவரையும் மீட்கிறார். இந்த முடிவு அவருடைய இயல்புக்கு முரணானதல்ல, தம் குழுவினரை எப்பாடுபட்டாவது காப்பவர் அவர் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாதிட்டது என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அதை ஏற்று, முடிவைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. அடுத்த வாரத்தில் அந்த மரணத்தின் சுவடே யாரிடமும் இல்லாமல் போனதை மட்டும் ஏற்றினோம்.

‘ஹீரோஸ்’ தொடரின் பீட்டர் பெட்ரெல்லியைப் பற்றிய பதிவு ஒருமனதாக ஏற்கப்பட்டது. தாம் நேசித்த கெய்ட்லினை எதிர்காலத்துக்கு அழைத்துச் சென்று, கொள்ளைநோய் பரவிய அந்த உலகிலேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிறார் அவர். 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 11 எபிசோடுகளோடு நின்றது. கதை ஏன் அறுந்தது என்பதற்கு அது காரணமாகலாம். அடுத்த சீசனில் அவள் பெயரைக்கூட அவர் சொல்லாததற்கு எது காரணமாகும்?

டாக்டர் ஹூவின் ‘தி ஏஞ்சல்ஸ் டேக் மன்ஹாட்டன்’ எபிசோடும் இங்கேயே வந்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அசைய முடியாத கற்சிலை அரக்கர்களில் ஒன்றாகச் சுதந்திர தேவி சிலையே நகரின் நடுவே நடந்துவருகிறது. அதைவிட, 1938-ன் நியூயார்க்கில் தம் கலத்தை இறக்க முடியாது என்பதற்காக, அருகிலுள்ள வேறோர் ஊரில் இறங்கித் தரைவழியாகப் போய் அங்கே மாட்டிக்கொண்ட நண்பர்களைப் பார்க்கலாமே என்று, காலத்தில் பயணிக்கும் நாயகரான டாக்டருக்குத் தோன்றாததே பெரிய குறை.

இவ்வாண்டின் குறைபாடுகளையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலமல்லாத மொழிகளின் தொடர்கள் இன்னும் பதிவேட்டுக்குள் வரவில்லை. பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் பணியும் முடியவில்லை. மேலும், நாம் கொண்டுவந்த விதியே ஓரிடத்தில் நம் கையைக் கட்டிப்போட்டது. டாக்டர் ஹூவில் அட்லாண்டிஸ் மூன்று முறை அழிகிறது: 1967-ல் வெள்ளத்தில் மூழ்குகிறது, 1971-ல் டீமன்கள் என்ற வேற்றுலகத்தவர் அழித்ததாகச் சொல்லப்படுகிறது, 1972-ல் குரோனோஸ் என்ற உயிர் அழிக்கிறது. முதல் அழிவைக் காட்டும் ‘தி அண்டர்வாட்டர் மெனஸ்’ கதையின் நான்காம் பகுதியின் காணொளி இன்று இல்லை. ஆனால் ஒளிபரப்பின்போது ரசிகர்கள் தம் வீடுகளில் செய்துவைத்த ஒலிப்பதிவுகளால், காணாமல் போன எல்லா எபிசோடுகளின் ஒலியும் பிழைத்திருக்கிறது.

எனவே, காணொளி அழிந்துபோன எபிசோடுகளுக்கு மட்டும், ஒலிப்பதிவை முழுமையாகக் கேட்டபின் பதிவு செய்யலாம் என்று விதியைத் திருத்தும் தீர்மானத்தைச் செயற்குழுவின் சார்பில் முன்மொழிகிறேன். ஓராண்டு முழுவதும் பொறுமையாகப் பார்த்து, குறித்து, வாதாடிய உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்