நரிகள் கூடும் மரம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருப்பார், நீ கேட்டிருக்கவும் மாட்டாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டோக்கியோவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படம் கொண்டுவந்து கொடுத்தான். ஹிரோஷிகே 1857இல் வரைந்த படம். அசல் இல்லை, பழைய முறையிலேயே புதிதாகக் கட்டை செதுக்கிக் கையால் அச்சிட்ட மறுபதிப்பு. ஆயுசு முழுக்க அச்சாபீஸ் மையோடு கிடந்தவன் நீ. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ராத்திரி நேரம். இலையெல்லாம் உதிர்ந்த ஒரு பெரிய எனோகி மரம். அதன் அடியில் நரிக்கூட்டம், ஒவ்வொன்றின் வாயருகிலும் சின்னதாக ஒரு தீ. தூரத்து இருட்டிலிருந்து இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. பார்த்தவுடன் நம்மூர்க் கொள்ளிவாய்ப் பிசாசுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கதை இதுதான். இன்றைக்கு டோக்கியோவுக்குள் இருக்கும் ஓஜி அப்போது எடோ நகரத்துக்கு வெளியே வயற்காடு. எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். அங்கே இனாரிக்கு ஒரு கோயில். இனாரி நெல்லுக்கான தெய்வம், நரிகள் அதன் தூதர்கள். வருஷத்தின் கடைசி இரவில் சுற்றுவட்டார மாகாணங்களின் நரிகளெல்லாம் இந்த மரத்தடியில் கூடி, அரசவைக்குப் போகிற மாதிரி உடை மாற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடுமாம். குடியானவர்கள் அந்தத் தீயை எண்ணி அடுத்த வருஷ விளைச்சல் எப்படி என்று கணிப்பார்களாம். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நாமும் சொல்கிறவர்கள்தானே! இதைப் பேய்ப்படம் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயலையும் வைக்கோல் போரையும் இவ்வளவு அக்கறையாக வரைந்தவர் மனதில் பயமுறுத்தும் எண்ணம் இருந்திருக்காது. என் கணக்கில் இது விவசாயப் படம்.

இன்னொன்றையும் கவனித்தேன். வானம் முழுக்க நட்சத்திரம், நிலா மட்டும் இல்லை. ஏன் என்று யோசித்தால், ஜப்பான் 1873இல்தான் ஆங்கில நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முன் மாதக் கணக்கு நிலாவை ஒட்டியது, ஆகவே வருஷக் கடைசி ராத்திரி என்றால் அமாவாசையை ஒட்டிய இருட்டு. நரித்தீ தெரிய அதைவிட நல்ல ராத்திரி கிடைக்குமா?

அந்த இருட்டை அச்சிட்டிருக்கும் விதம்தான் உனக்குப் பிடிக்கும். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுப்படம் வரைவார். அதைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டித் தாளோடு சேர்த்துச் செதுக்குவார்கள், மூலப்படம் அதோடு காலி. பிறகு நிறத்துக்கு ஒரு கட்டை. பலகையின் ஓரத்தில் வெட்டிய இரண்டே காடிகள், ஒன்று மூலையில், ஒன்று விளிம்பில். தாளை அதில் பொருத்தி வைத்தால் ரெஜிஸ்டர் விலகாது, ஒவ்வொரு நிறமும் அதனதன் இடத்தில் விழும். மெஷின் கிடையாது. ஈரத்தாளைக் கட்டையில் விரித்து, மூங்கில் உறை சுற்றிய தட்டையான வட்டத் திண்டால் தாளின் முதுகில் தேய்ப்பார்கள். நிறம் கருப்பிலிருந்து மெல்ல வெளிறுவதற்கும் தனிக் கட்டை இல்லை. ஈரப்பலகையில் சாயத்தைத் தூரிகையால் இழைத்தே கொண்டுவருவார்கள், ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாக! படத்தைத் திருப்பிப் பார்த்தேன். தாளின் பின்பக்கம் தேய்த்த சுழிகள் தெரிகின்றன, சாயமும் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆனாலும் பெயர் என்னவோ ஹிரோஷிகேவுக்குத்தான். செதுக்கியவரும் அச்சிட்டவரும் யாரென்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம் அச்சாபீஸிலும் அதே கதைதானே.

1855இல் எடோவைப் பெரிய பூகம்பம் உலுக்கியது. அடுத்த வருஷம் ஹிரோஷிகே அந்த நகரத்தின் காட்சிகளைத் தொடராக வரையத் தொடங்கினார். ‘நூறு’ என்று பெயர், நூறைத் தாண்டிப் போனது. 1858இல் அவர் இறந்துவிட்டார். அந்தத் தொடர் முழுக்கப் பாலம், மழை, கடைத்தெரு, பூ என்று கண்ணால் பார்க்கக்கூடியவைதான். யாரும் பார்க்க முடியாததை வரைந்தது இந்த ஒன்றில் மட்டும்தான், அதையும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே வரைந்திருக்கிறார். அந்த மரம் இப்போது இல்லை. ஆனால் ஓஜியில் இன்றும் வருஷக் கடைசி ராத்திரி ஜனங்கள் நரி முகமூடி போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஊர்வலம் போகிறார்கள். பையன் ஒருமுறை போய் வந்திருக்கிறான், குளிர் தாங்கவில்லை என்பதைத் தவிர அவனிடமிருந்து வேறொன்றும் வாங்க முடியவில்லை.

அப்புறம், அவன் அடுத்த தடவை வரும்போது உனக்கும் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இதே தொடரில் பாலத்தின் மேல் திடீர் மழை கொட்டும் படம் ஒன்று உண்டு, டச்சு ஓவியர் வான்கா 1887இல் பார்த்து எண்ணெய்வண்ணத்தில் வரைந்துகொண்டது. அது வேண்டுமா, இந்த நரிகளே வேண்டுமா என்று எழுது. கண்ணுக்குச் சொட்டுமருந்தை மறக்காமல் போடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்