சீட்டுக்கட்டுக்கும் நூலகத்தில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடிங் வகுப்புகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லேப்டாப், இணையம், மாதக் கட்டணம் எல்லாம் அதில் இருந்தன. கம்ப்யூட்டரே இல்லாமல் இதன் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது மட்டும் விடுபட்டுவிட்டது. நான் தனியார் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்தவள். இப்போது சிவகாசியில் அச்சகம் நடத்தும் என் கொழுந்தனாரோடு சேர்ந்து, நிரலாக்கம் பழக ஒரு சீட்டு விளையாட்டைத் தமிழில் அச்சிட்டு விற்கிறேன்.

யோசனை புதிதல்ல. நியூசிலாந்தில் டிம் பெல் முதலான பேராசிரியர்கள் தொண்ணூறுகளிலேயே இப்படிப்பட்ட பயிற்சிகளை உருவாக்கிவிட்டார்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஐந்து சீட்டு போதும். 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். 19 வேண்டுமென்றால் 16, 2, 1 மூன்றையும் திறந்துவைத்து மற்ற இரண்டைக் கவிழ்க்க வேண்டும். இப்படி 31 வரை எல்லா எண்ணும் வந்துவிடும். 32 கேட்டால் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருத்தி, "இன்னொரு சீட்டு குடுங்க டீச்சர், அதுல 32 புள்ளி இருக்கணும்" என்பாள். திறந்த சீட்டை 1, கவிழ்த்த சீட்டை 0 என்று எழுதினால், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருநிலை எண் முறை என்று வருவது இதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை விளையாட்டிலேயே பிடித்துக்கொள்கிறது.

எங்கள் கட்டில் 54 சீட்டு. கொழுந்தனாரிடம் இருந்த டை, அதாவது அட்டையைச் சீட்டுகளாக வெட்டும் அச்சு, அந்தக் கணக்குக்கானது, புது டை அடித்தால் செலவு. ஆக, ஆட்டத்தை டைக்குள் அடக்கினோம். பளபள லேமினேஷன் கையில் வழுக்கும் என்று பளபளப்பில்லாத மேட் போட்டது அவர் யோசனை. பிள்ளைகள் அதிகம் சிரிப்பது "கையில் சீட்டு இருக்கும்வரை ஒரு சீட்டு எடு" என்ற சீட்டுக்கு. எடுக்க எடுக்கக் கை நிறையுமே தவிர ஆட்டம் அடுத்த ஆளுக்குப் போகாது. 'நிறுத்து' சீட்டு வைத்திருப்பவரைக் கெஞ்ச வேண்டும். நிரலில் ஒரே கட்டளை நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும் முடிவில்லாச் சுழற்சி என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதி நான் இவ்வளவு சுலபமாகப் புரியவைத்ததில்லை.

அச்சடித்தாயிற்று, விற்பதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் டான் ஷாப்பிரோ என்பவர் 2013இல் 'ரோபோ டர்ட்டில்ஸ்' என்ற நிரலாக்க விளையாட்டை, பொருள் தயாராகும் முன்பே மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் அறிவித்தார். 13,000 பேருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். ஆறு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இங்கே முதலில் அச்சடித்து வீட்டில் அடுக்கிவைத்துவிட்டுத்தான் வாங்குபவரைத் தேட வேண்டும். புத்தகக் கண்காட்சியில் மேசை போட்டால், "சீட்டுக்கட்டா?" என்று குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துப்போகும் பெற்றோரையும் பார்க்கிறேன், "இதுல கம்ப்யூட்டர் எங்கே?" என்று கேட்பவரையும் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. சீட்டாட்டத்தால் கெட்ட குடும்பத்தை நம் ஊரில் பார்க்காதவர் யார்? உட்காரவைத்து ஓர் ஆட்டம் ஆடிக்காட்டினால் வாங்குகிறார்கள். ஆனால் நெரிசலான அரங்கில் ஒரு ஆட்டத்துக்கு இருபது நிமிடம் யார் உட்காருவார்கள்?

உட்கார்ந்து ஆட இடமும் நேரமும் இருப்பது நூலகத்தில்தான். மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஊர்ப்புற நூலகத்தில்கூட விடுமுறை நாளில் நான்கு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஒரு கட்டு போதும், நான்கு பேர் ஆடலாம். ஆனால் நூலகக் கொள்முதல் என்றாலே புத்தகம்தான். ஜிஎஸ்டியும் அப்படியே: அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை, விளையாட்டுச் சீட்டுக்கு உண்டு. "சீட்டுகளை வெட்டி எடுக்கும் புத்தகமாகப் போட்டுவிடுங்களேன்" என்று ஒரு பதிப்பாளர் யோசனை சொன்னார். சரி, நூலகத்தில் முதலில் எடுக்கும் பிள்ளை வெட்டிவிட்டால் இரண்டாவது பிள்ளை எதை ஆடும்?

பொது நூலகத் துறை, புத்தகங்களோடு தமிழில் வரும் கல்வி விளையாட்டுகளையும் மாதிரி கேட்டு வாங்கி, ஆசிரியர்களை வைத்து ஆடிப்பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். எங்களுடையதைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. சீட்டு தொலைந்துபோகுமே என்று நூலகர்கள் தயங்கலாம். அதற்காகவே எங்கள் கட்டில் இரண்டு சீட்டை வெற்றாக விட்டிருக்கிறோம். தொலைந்ததை அதில் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேல் தொலைந்தால் தபாலில் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் கணினி ஆசிரியை,
சாத்தூர்.