பிரிச்சுப் போட்ட ஷாட்கன்ன திருப்பி மாட்டலாமா? ஏடிஎஃப்-க்கு ஒரு திறந்த மடல்

ஏடிஎஃப் ஆபீசருங்களுக்கு வணக்கம். அமெரிக்காவுல சாராயம், புகையிலை, துப்பாக்கி, வெடிமருந்துன்னு நாலையும் கட்டி மேய்க்கிற அரசாங்க ஆபீசு நீங்க, தமிழ்ல வர்ற லெட்டர படிக்கவா போறீங்க. பரவால்ல, இங்க டெக்சாஸ்ல இதே குழப்பத்துல இருக்கிற நம்மாளு யாராச்சும் படிக்கட்டும்.

போன மாசம் ஒருத்தர்ட்ட செகண்ட் ஹேண்ட்ல பெனெல்லி எம்4 ஒண்ணு வாங்கினேன். இத்தாலி சரக்கு, செமி ஆட்டோ, உங்க மரைன்காரங்க எம்1014ன்னு வச்சிருக்காங்களே அதே ஜாதி. வித்தவரு தோட்டா ட்யூப்ப நீளமா மாத்தியாச்சு, ஏழு போகும்னு பெருமையா சொன்னாரு, நானும் பல்ல இளிச்சுக்கிட்டு காச குடுத்துட்டு வந்துட்டேன். அப்புறம்தான் ரேஞ்சுக்கு கூட வர்ற ஃப்ரெண்டு கேட்டான், "டேய், 922ஆர் கணக்கு பாத்தியா?"

பாக்கல. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். 1968 சட்டப்படி வெளிநாட்டு துப்பாக்கின்னா விளையாட்டுக்கோ வேட்டைக்கோ ஏத்ததா இருந்தாதான் உள்ள விடுவீங்க, 2011ல நீங்க போட்ட ஷாட்கன் ஆய்வுல அஞ்சு தோட்டாவுக்கு மேல புடிச்சா, ஸ்டாக், அதான் தோள்ல அண்டக் குடுக்கிற கட்டை, மடங்குனா, முன்னாடி புடிக்கிற கைக்கு தனியா பிடி இருந்தா அது விளையாட்டு இல்லன்னு எழுதியிருக்கீங்க. சரி. 1990ல வந்த 922ஆர்ங்கிற சட்டப்பிரிவு என்ன சொல்லுதுன்னா, அப்படி உள்ள விடாத மாடல இங்க வச்சு இறக்குமதி பார்ட்ஸ்ல மாட்டக்கூடாது. உங்க லிஸ்ட்ல 20 பார்ட்டு, அதுல பத்துக்கு மேல வெளிநாட்டுதா இருந்தா தப்பு, பத்தோட நின்னா ஓகே. மாஸ்பெர்க்னு இந்த ஊரு துப்பாக்கி கம்பெனிக்காரன் இங்கயே செஞ்சு ஏழு தோட்டா ட்யூபோட கடையில விக்கிறான், அதுக்கு இந்த கணக்கே கெடையாது. ஆக பிரச்சனை துப்பாக்கி என்ன பண்ணும்ங்கிறது இல்ல, பாகம் எந்த ஊருல பொறந்துச்சுங்கிறதுதான். ஸ்ப்ரிங் லிஸ்ட்லயே இல்ல, அது நிலாவுல செஞ்சாலும் சரி.

இத சண்டை போட வரல. எண்ணிப் பாத்துடுவோம்னு டைனிங் டேபிள்ல பழைய துண்ட விரிச்சு எல்லாத்தையும் பிரிச்சு வரிசையா வச்சேன். வீட்டுக்காரி வந்து பாத்துட்டு "என்ன, கொலு வைக்கிறீங்களா"ன்னா. ட்யூபுக்குள்ள தோட்டாவ தள்ளுற ஃபாலோயர்ல பொடி எழுத்துல மேட் இன் யூஎஸ்ஏன்னு இருக்கு, ட்யூபும் இங்க செஞ்சதுதான். ட்ரிக்கர், ஹேமர், ஃபோர்எண்டு, பிஸ்டன் நாலுலயும் லென்ஸ் வச்சு தேடியும் ஒரு முத்திரை இல்ல. வித்தவர கேட்டா "எல்லாம் பாத்துதான் போட்டேன் ப்ரோ"ங்கிறாரு, பில்லு இல்ல. பேப்பர்ல இத்தாலின்னு உறுதியா 9 டிக்கு, கேள்விக்குறி 4. அந்த நாலுல ரெண்டு இத்தாலின்னா நான் காலி.

இப்பதான் என் கேள்வியே வருது. சட்டம் வச்சிருக்காதேன்னு சொல்லல, மாட்டாதேன்னுதான் சொல்லுது. மாட்டினது வித்தவரு. நான் பிரிக்காம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன், எண்ணிப் பாக்கணும்னு நல்ல புள்ளையா பிரிச்சேன் பாருங்க, இப்ப திருப்பி மாட்டப் போறது நானு. எண்ணெய் போட பிரிச்சு மாட்டுறதும் உங்க அகராதியில "மாட்டுறது"தானா? இந்த 922ஆர்-க்காக நீங்க போட்ட 478.39 விதியில 1990 நவம்பர் 30க்கு முன்னாடி வந்த துப்பாக்கிய ரிப்பேர் பண்ணலாம், பார்ட்டு மாத்தலாம்னு தெளிவா விலக்கு குடுத்திருக்கீங்க. அதுக்கு அப்புறம் வந்ததுக்கு ஒரு வரி கூட இல்லையே? அது மட்டுமா, தெரிஞ்சே மீறினா அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள. போன மாசம் வரைக்கும் நான் ஒண்ணும் தெரியாதவன், உங்க விதிய ஒழுங்கா படிச்சதால இப்ப தெரிஞ்சவன் ஆயிட்டேன்.

கேக்குறது ரெண்டே ரெண்டு. சுத்தம் பண்ண பிரிச்சு அதே பார்ட்ஸ மாட்டினா குத்தமில்லன்னு அந்த விதியில ஒரு வரி சேருங்க. அதிகமா ஓடுற மாடல்களுக்காச்சும் அந்த 20ல எத்தன பார்ட்டு உண்மையிலயே அதுல இருக்குன்னு நீங்களே எண்ணி போடுங்க, ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றான்.

அது வரைக்கும் கேள்விக்குறி போட்ட நாலையும் இங்க செஞ்சதா, பில்லோட ஆர்டர் பண்ணியிருக்கேன். வர ரெண்டு வாரம் ஆகுமாம். மிச்சம் பூரா துண்டுல சுத்தி ஸேஃப்ல கெடக்கு, வீட்டுக்காரிக்கு டைனிங் டேபிள் திரும்ப கெடச்சிருச்சு.