அந்த ‘யாரோ ஒருத்தர்’ என் அப்பா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாகஸ்வர வித்வான் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தார். ஆறு பக்கம். இரண்டு தடவை படித்தேன். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அட்டையில் போட்டவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? அவருடைய தகப்பனாரின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வீட்டின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இந்தக் கடிதத்தால் குறைவு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

“அந்தக் காலத்தில் உங்கள் அப்பா செட்டில் யார் யார் இருந்தார்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதிலில் இரண்டாம் நாயனம் வாசித்த சித்தப்பா வருகிறார். தவில்காரர்கள் இரண்டு பேரும் ஊர்ப் பெயரோடு வருகிறார்கள். வேன் டிரைவர் பெயர்கூட இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அப்புறம் ஒரு வரி: “ஒத்து ஊத யாரோ ஒருத்தர் வருவார்.”

அந்த யாரோ ஒருத்தர் என் அப்பா. 1967-லிருந்து 1986 வரை, 19 வருஷம் வந்தார்.

ஒத்து என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் கட்டிய பிள்ளைக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடியில் இருக்கும் துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஒரே ஒரு ஸ்வரம்தான். சாமி புறப்பாட்டு மல்லாரியில் ஆரம்பித்தால் நாலு வீதியும் சுற்றி வந்து நிலைக்கு வரும்வரை அது அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளியே விட்டுக்கொண்டே, அதே நேரத்தில் மூக்கால் உள்ளே இழுக்க வேண்டும்.

அப்பா எனக்கும் அதைப் பழக்கப் பார்த்தார். கொல்லையில் பப்பாளிக் காம்பை ஒடித்து வந்து, பித்தளை டம்ளரில் தண்ணீர் வைத்து ஊதச் சொல்வார். குமிழி நிற்கக் கூடாது. நான் இருபது எண்ணுவதற்குள் புரையேறி எழுந்துவிடுவேன். அவர் வாங்கி ஊத ஆரம்பித்தால், அம்மா உலை வைத்து, சோறு வடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கும்போதும் டம்ளரில் தண்ணீர் அதேபோலக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். “போதும், தண்ணிக்கு வலிக்கப்போவுது” என்பாள்.

வித்வான் இன்னொரு பதிலில், தன் அப்பா ஒரு திருவிழாவில் மேலவீதித் திருப்பத்தில் நின்று தோடி ராகத்தை மட்டும் இரண்டு மணி நேரம் வாசித்ததைச் சொல்கிறார். சத்தியமான வார்த்தை. பத்து வயதில் நானும் அங்கே நின்றேன். அந்த செட்டுக்குத் தாளம் போட்டவன் நான்தான். ஆலாபனையில் தாளத்துக்கு வேலை இல்லை, தாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூங்கி விழுந்தேன். தவிலுக்கும் வேலை இல்லை. தவில்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். இரண்டாம் நாயனம்கூட நடுவில் வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளியை எடுத்து ஈரப்படுத்தி வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த இரண்டு மணி நேரமும் வாயை எடுக்காமல் நின்றவர் ஒருவர்தான். “சுருதி மாதா, லயம் பிதா என்று அப்பா அடிக்கடி சொல்வார்” என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். தவில் வாசித்த பிதாக்கள் இரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது. மாதாவைத் தாங்கியவர் யாரோ ஒருத்தர்.

இது உங்கள் பத்திரிகைக்குப் புதிதும் அல்ல. 2022-ல் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெரிய கட்டுரை போட்டீர்கள். ஆச்சா மரம், பழைய வீடு இடித்த உத்திரக்கட்டை, ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்துகொடுத்த பாரி நாயனம் எல்லாம் இருந்தது, சரியாகவும் இருந்தது. பழைய குட்டை நாயனமான திமிரியிலிருந்து பாரிக்கு வந்து நாயனம் நீண்டு சுருதி இறங்கியபோது, கூட நின்ற ஒத்து என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மார்கழிச் சிறப்பிதழைப் பற்றி எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும். சபாத் தொடக்க விழாவில் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு நடுவே நாயனம் வாசித்து முடிந்துவிடும், உங்கள் நிருபர் அதற்குப் பிறகுதான் வந்து உட்காருவார் போலிருக்கிறது. நாதஸ்வரமா நாகஸ்வரமா என்பதையாவது முடிவு செய்துகொள்ளுங்கள். போன இதழில் ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கிறது. எங்கள் வீட்டில் நாயனம்தான், எங்களுக்குச் சண்டை இல்லை.

ஆனால் ஒரு சண்டை உண்டு. உங்கள் அரசியல் பக்கத்தில் யார் யாருக்குத் தலையாட்டினாலும் “ஒத்து ஊதுகிறார்” என்று எழுதுகிறீர்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்பே இதைப் பற்றி ஒரு கார்டு போட்டேன். பிரசுரமாகவில்லை, பரவாயில்லை. ஆமாம்சாமி, தலைவர் திரும்புகிற பக்கமெல்லாம் திரும்புகிறவன். ஒத்து எந்தப் பக்கமும் திரும்பாது. நாயனம்தான் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒத்திடம் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் அபஸ்வரம் யாருடையது என்று கோயில் வாசலில் பூக்கட்டுகிறவளுக்கும் தெரியும். என் அப்பா பெரிய வித்வானுக்கே ஒருநாள் புருவத்தை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினார். பெரியவர் உடனே சீவாளியை மாற்றினார். இப்படி ஊதுகிறவர்கள் உங்கள் அரசியல் பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

“இப்போது சுருதிப்பெட்டி வந்துவிட்டது, சுருதி சுத்தமாக நிற்கிறது” என்றும் வித்வான் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அசுத்தமாக நின்றதோ என்னவோ. 1986-ல் ஒரு கல்யாணத்தில் அந்த எலெக்ட்ரானிக் பெட்டி முதல் தடவையாக மேடைக்கு வந்தது. பூந்துவாலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதை வேனிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வைத்தவர் என் அப்பா. ‘நீ வர வேண்டாம்’ என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அந்த வீட்டார் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் அல்ல. அப்பாவே இன்னும் ஏழெட்டு முகூர்த்தத்துக்கு உறையில் போட்ட ஒத்தோடு போய்வந்தார். கேட்டால் “கரண்டு போயிட்டா?” என்பார். அந்த வருஷம் வீட்டில் நாங்கள் பாதி நாள் அரிக்கேன் விளக்கில்தான் சாப்பிட்டோம். அப்பா போன கல்யாண மண்டபங்களில் மட்டும் ஒருநாளும் கரண்டு போகவில்லை. மின்வாரியத்தின் மேல் எனக்கு வேறு எந்தக் குறையும் கிடையாது.

இப்போது எங்கள் தெருக் கோயிலில் தீபாராதனைக்கு முரசும் மணியும்கூட மெஷின்தான் அடிக்கிறது. சுவிட்சைப் போடுகிறவருக்கு ஒரு பெயர் இருக்கும். அதையாவது யாராவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். “சின்ன வயதில் கச்சேரிக்குப் போன அனுபவம்?” என்ற கேள்விக்கு வித்வான், “வேனில் ஏறினதும் தூங்கிவிடுவேன், ஊர் வந்ததும் அப்பா எழுப்புவார்” என்கிறார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது, தூங்கிய பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பெரியவர் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்காருவார். தம்பி தூங்கியது பின்னால், என் அப்பா மடியில். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அப்பா அந்தத் தலைக்குக் கீழே கையை வைத்துக்கொள்வார். எழுப்பியதும் அவர்தான். நான் தவில் உறை மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். தம்பி மேல் எனக்கு அன்றைக்கு இருந்த கோபம் இப்போது இல்லை. அன்றைக்கு நிறைய இருந்தது.

இனி என் வேண்டுகோள். 43-ஆம் பக்கத்தில், வித்வானின் குடும்ப ஆல்பத்திலிருந்து எடுத்ததாக ஒரு செட் படம் போட்டிருக்கிறீர்கள். அதன் வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் ஒத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசும் மட்டும் தெரியும், எடுத்துப் பாருங்கள். அதே படத்தின் முழுப் பிரதி எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதை இத்துடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த இதழில் வெட்டாமல் போட்டு, ‘இடமிருந்து வலம்’ என்று எழுதும்போது ஆறாவது ஆளுக்கு ‘மற்றும் குழுவினர்’ என்று போடாமல் பெயரைப் போடுங்கள். பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இனிஷியலோடு.

படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிரித்து எடுத்திருப்பதால் ஓரம் உதிர்கிறது. வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் அட்டை வைத்துத் திருப்பி அனுப்பவும். தபால்தலை ஒட்டிய கவர் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒத்துக்காரர் மகன்,
மயிலாடுதுறை.