கமலாவுக்கு: முதலில் பிறப்புச் சான்றிதழை எடு

கும்பகோணம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி தட்டிவிடுகிற காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதி அனுப்ப உன்னால்தான் முடியும். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல். இவர் செய்துகொண்டபோது, “எல்லாம்தான் தெரியுதே” என்று பாதியில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இங்கே மழை விட்டுவிட்டது. என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

உன் மகள் வள்ளி அமெரிக்கா போகிற விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் குடிமகனான மாப்பிள்ளை மனைவியை அழைத்துக்கொள்ளப் போட்ட ஐ-130 மனு பாஸாகி, ஃபைல் அந்த அரசாங்கத்தின் நேஷனல் விசா சென்டருக்கு வந்துவிட்டது, காகிதமெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று ஒரு ஏஜென்ட் பெருந்தொகை கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. அவர் நிரப்பித் தரப்போகும் டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம் ஆன்லைனில் இருப்பதுதான். இன்ஜினியரிங் படித்த பெண்ணுக்கு அது ஒரு சாயங்கால வேலை. விசாவுக்கு 325 டாலர், மாப்பிள்ளையின் உறுதிமொழிப் பத்திரத்துக்கு 120 டாலர், இரண்டையும் அந்தத் தளத்திலேயே கட்டலாம். சிக்கல் படிவத்தில் இல்லை, உன் வீட்டு பீரோவில் இருக்கிறது. அங்கே இருக்கும் காகிதங்கள் எல்லாம் ஒரே பெண்ணைப் பற்றித்தான் சொல்கின்றனவா என்று உட்கார்ந்து பார்க்க வீட்டு மனுஷர்கள்தான் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் உத்தியோகக் காலம் முழுக்க அடுத்தவர் பெயரை ஏட்டில் தேடித் தேடிக் கண் பூத்தவள் சொல்கிறேன், கேள்.

வள்ளி எங்கே பிறந்தாள்? தலைப்பிரசவம், நீ தேவகோட்டைக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாய். அதனால் அவள் பிறப்பு அங்கேதான் பதிவாகியிருக்கும். காரைக்குடி மாநகராட்சியில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. நம் பக்கத்தில் பாதிப் பேர் வளர்ந்த ஊரில் போய்த் தேடிவிட்டு “பதிவே இல்லையாம்” என்று திரும்பி வருகிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர் இருக்கிறதா என்று பார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து “பெண் குழந்தை” என்று மட்டும் எழுதிப் போய்விடும். பெயர் சூட்டிய பிறகு திரும்பப் போய்ச் சேர்த்தவர்கள் குறைவு. பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு மும்பைக்கு விசா நேர்காணலுக்குப் போக முடியாது. பள்ளிச் சான்றிதழும் உங்கள் இருவரின் உறுதிமொழியும் வைத்துப் பெயர் சேர்க்க மனுக் கொடுக்க வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய பதிவுகளுக்கு அரசாங்கம் அவ்வப்போது அவகாசம் நீட்டித்து உத்தரவு போடும். இப்போதைய நிலைமையை நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் நேரில் போய்க் கேட்டுக்கொள்.

அந்த மனுவை எழுதும்போது ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொள். வீட்டில் வள்ளி. பாட்டி பெயர் வள்ளியம்மை. பள்ளியில் சேர்க்கும்போது அண்ணன் என்ன எழுதினார், பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது? பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் அப்பா பெயரும் எழுத்து மாறாமல் பிறப்புச் சான்றிதழில் வர வேண்டும். ஒரு சான்றிதழில் எஸ். வள்ளியம்மை, இன்னொன்றில் வள்ளி சுப்பையா, மூன்றாவதில் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதல் என்றிருந்தால், நமக்கு அது பழக்கப்பட்ட விஷயம். இனிஷியல் விரியும், சுருங்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு மூன்று பேர் தெரிவார்கள். “இருவரும் ஒருவரே” என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி ஒட்டவைப்பது கடைசி வழி. திருத்த முடிந்ததை மூலத்திலேயே திருத்து.

கல்யாணத்தைப் பதிவு பண்ணச் சொல்லி நான் முன்பே நச்சரித்தது நினைவிருக்கும். 2009-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்துக்கும் பதிவு கட்டாயம். கோயிலில் கொடுத்த ரசீதையோ மண்டபத்துப் பில்லையோ கல்யாணச் சான்றிதழ் என்று நீட்ட முடியாது. பதிவாளர் கையெழுத்திட்டுத் தந்தது வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது, நல்லது. அதிலும் மாப்பிள்ளையின் பெயர் அவருடைய அமெரிக்க பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார். தமிழில் உள்ள சான்றிதழ் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே போகட்டும். அதன் அடியில், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சம்பந்தியம்மா, வள்ளி பாஸ்போர்ட்டில் புருஷன் பெயரை ஏற்றச் சொல்கிறார் என்றாயே, இந்த விசாவுக்கு அது தேவையே இல்லை. ஃபைல் நடுவழியில் இருக்கும்போது பெயரைத் தொடாதே. அமெரிக்கா போய்ச் சேர்ந்தபின் அவர்கள் இஷ்டம்.

போலீஸ் சான்றிதழை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில்தான் வாங்க வேண்டும். உள்ளூர் ஸ்டேஷன் கடிதம் இதற்கு உதவாது. வள்ளி சிங்கப்பூரில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தாள் அல்லவா? பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேறு நாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். சிங்கப்பூர் போலீஸுக்குக் கைரேகை எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும், நாளாகும். இதை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்.

அடுத்தது உனக்குச் சங்கடமான இடம். மனைவியை அரசாங்க உதவியை நம்பாமல் காப்பாற்றுவேன் என்று மாப்பிள்ளை ஐ-864 படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு. அந்த ஊர் வறுமைக்கோட்டுக்கு மேலே கால் பங்கு கூடுதலாவது வருமானம் இருக்க வேண்டும். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2025 கணக்குப்படி வருஷத்துக்கு 26,437 டாலர். அது போதாவிட்டால் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஒருவர் கூட்டுப் பொறுப்பு ஏற்கலாம். சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமியார் வாயால் மாப்பிள்ளையிடம் “சம்பளம் எவ்வளவு, வரி கட்டியாச்சா” என்று கேட்பது நம் வழக்கத்தில் நடக்காத காரியம். நீ கேட்காதே, வள்ளி கேட்கட்டும். புருஷனிடம் அவள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சொல்லப்போனால் கல்யாணத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது.

இதையெல்லாம் கலரில் ஸ்கேன் செய்து ஏற்றச் சொல். ஒரு ஃபைல் நாலு எம்.பி.க்கு மேல் போகக்கூடாது. சான்றிதழுக்கு இரண்டு பக்கமிருந்தால் இரண்டும் ஒரே ஃபைலில், பின்பக்க முத்திரையோடு. எல்லாம் சரியாக இருந்தால், காகிதங்கள் பூர்த்தி என்று மெயில் வரும். வள்ளி வயசுக்காரர்கள் இதை “டிக்யூ ஆயிடுச்சு” என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நேர்காணல் தேதி. மாப்பிள்ளை குடிமகன் என்பதால் யார் முறை வந்தது என்று சொல்லும் விசா புல்லட்டினைப் பார்த்துக் காத்திருக்கும் வரிசை வள்ளிக்குக் கிடையாது. கிரீன் கார்டுக்காரரின் மனைவியாக இருந்தால் அதுவும் உண்டு.

கல்யாணம் உண்மையானதுதான் என்று காட்டுவதற்கு ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். பதினைந்து கிலோ ஆல்பத்தை எந்த அதிகாரி புரட்டுவார்? பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம் மும்பையில் இருப்பவர்களுக்குப் புதிதில்லை, அதற்காக யாரும் புருவம் தூக்க மாட்டார்கள். கல்யாணம் முடிந்த பிறகு இவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறார்களா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. கடற்கரையில் பலூன் பிடித்துக்கொண்டு எடுத்த அவுட்டோர் ஷூட் படங்கள் எதற்கும் ஆகாது. உன் மாமியார் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சம்பந்தி வீட்டார், மறுபக்கம் நம் ஆட்களோடு நிற்கிறாரே, அந்தப் படம் ஆயிரம் பெறும். அப்படிச் சில படங்கள், பின்னால் தேதியும் இடமும் எழுதி. கல்யாணப் பத்திரிகை ஒன்று. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் அவர் வந்துபோன பாஸ்போர்ட் முத்திரைகள், டிக்கெட்டுகள். அவர் வள்ளிக்குப் பேங்க் மூலம் அனுப்பிய பணத்தின் கணக்கு. இன்ஷூரன்ஸிலோ வேறு எதிலாவதோ அவள் பெயரை நாமினியாகப் போட்டிருந்தால் அது. வாட்ஸ்ஆப் பேச்சை ஐந்நூறு பக்கம் பிரிண்ட் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஓரிரு பக்கமும் கால் பட்டியலும் போதும். அதில் கொஞ்சல் மட்டும் இருக்க வேண்டியதில்லை. சிலிண்டர் வந்ததா, அப்பாவுக்குக் கண் எப்படி என்று விசாரித்ததுதான் குடும்பம் என்று காட்டும்.

அந்த ஏஜென்ட் “இரண்டு பேரும் ஒரு வருஷம் முன்பே பேசிப் பழகியதாகச் சொல்லிவிடலாம், கேஸ் ஸ்ட்ராங்காகும்” என்றாராமே. அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. முக்கியமான ஒன்றைப் பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்ததாக அதிகாரி முடிவு கட்டினால், அந்தத் தடை வாழ்நாளுக்கும் துரத்தும். உள்ளதே போதுமானதாக இருக்கும்போது இல்லாததை எதற்குச் சேர்க்க வேண்டும்? முதலில் பேசிய தேதி எதுவோ அதையே சொல்லட்டும். அவர் என்ன வேலை பார்க்கிறார், எந்த ஊர், கூட யார் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து யார் யார் வந்தார்கள், இப்படித்தான் கேட்பார்கள். மனப்பாடம் பண்ண வைக்காதே.

மெடிக்கலுக்குத் தூதரகம் அங்கீகரித்த டாக்டர்கள் சென்னையிலேயே உண்டு. வள்ளியின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடு. இல்லாவிட்டால் இந்த வயசில் திரும்பக் குத்திக்கொள்ள வேண்டியதுதான். மார்பு எக்ஸ்ரேயில் சின்ன நிழல் தெரிந்தாலும் சளியை வளர்த்துப் பார்ப்பார்கள், அதற்கே இரண்டு மாதம் வரை ஓடிவிடும். அதனால் நேர்காணலுக்கு முந்தின வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

நேர்காணலுக்கு மும்பைக்குத்தான் போக வேண்டும், சென்னைத் துணைத் தூதரகத்தில் இந்த விசா கிடையாது. அதற்கு முன்பு விசா மையத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். மும்பைத் துணைத் தூதரகம் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில். மாப்பிள்ளை வர வேண்டிய கட்டாயமில்லை. ஆன்லைனில் ஏற்றிய ஒவ்வொன்றின் அசலும் கையில் இருக்க வேண்டும். கூட ஒரு நகல். இரண்டு அங்குலச் சதுரத்தில் வெள்ளைப் பின்னணிப் புகைப்படம், மூக்குக்கண்ணாடி இல்லாமல். செல்போன் உள்ளே விட மாட்டார்கள், வெளியே வைத்துக்கொள்ள அண்ணன் போகட்டும். ஏதாவது குறைந்தால் 221(ஜி) என்று ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து அழ வேண்டாம். கேட்டதை ஒரு வருஷத்துக்குள் கொடுத்தால் கேஸ் தொடரும்.

இன்னொன்று. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் அமெரிக்காவில் இறங்கினால் முதலில் இரண்டு வருஷ கிரீன் கார்டுதான் வரும். அது முடிவதற்கு முந்தின மூன்று மாதத்துக்குள் இருவரும் சேர்ந்து, அந்த இரண்டு வருஷக் கெடுவை நீக்கக் கேட்டு ஐ-751 மனு போட வேண்டும். அப்போதும் இதே மாதிரி ஆதாரம் கேட்பார்கள். அதனால் வாடகை ஒப்பந்தம், கூட்டு பேங்க் கணக்கு எல்லாவற்றையும் அங்கே போன நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டுவரச் சொல்லி வை.

தேவகோட்டைக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் எடுத்ததும், பாஸ்போர்ட் முதல் பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. பெயர், தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாம் நான் ஒருமுறை ஒத்துப் பார்க்கிறேன். ஏதாவது தகராறு இருந்தால் உன் பக்கத்து அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி இன்னும் சர்வீஸில் இருக்கிறாள், வழி சொல்லுவாள். மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறாள், அதற்குள் அனுப்பிவிடு.

அண்ணனை விசாரித்ததாகச் சொல். வள்ளிக்கு என் ஆசி.

அன்புடன்,
ராஜி