முக்குளிப்புச் சங்க ஆண்டறிக்கை: சிபாடான் பயணமும் அதையொட்டிய விவகாரங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நடந்தவற்றை இங்கே தருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கணக்காய்வாளர் கையெழுத்திட்ட நகல் வாசல் மேசையில் இருக்கிறது. சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய படிவங்கள் காலத்தோடு போய்விட்டன. செயலவை ஒழுங்காகக் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் அதிகம். இதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்கப் போவதில்லை. அவரவருக்கே தெரியும்.

இந்த ஆண்டு சங்கத்தில் நடந்த பேச்சு, சண்டை, சந்தோஷம் எல்லாமே சிபாடானைச் சுற்றித்தான். ஆகவே அறிக்கையும் அப்படித்தான் இருக்கும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சபா மாநிலத்தின் செம்பொர்னா நகருக்குத் தெற்கே, சுலாவெசிக் கடலில் இருக்கிறது சிபாடான். நம் நாட்டின் மற்றத் தீவுகளைப் போலக் கண்டத்திட்டின் மேல் உட்கார்ந்திருப்பதல்ல. அணைந்துபோன எரிமலைக் கூம்பின் உச்சியில் பவளம் வளர்ந்து வளர்ந்து உண்டான தீவு. கடலடியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. மேலே தெரியும் நிலத்தைச் சாவகாசமாக நடந்தே சுற்றிவிடலாம். தண்ணீருக்குள் இருப்பதுதான் மலை. ஆழத்தில் வரும் நீரோட்டம் அந்த மலையில் மோதி மேலெழும்போது சத்துகளையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அதைத் தின்னச் சிற்றுயிர், சிற்றுயிரைத் தின்னச் சிறு மீன், சிறு மீனைத் தின்னப் பாரை, சுறா என்று ஒரு பந்தியே அங்கே நடக்கிறது.

2002 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே சிபாடானும் பக்கத்துத் தீவான லிகித்தானும் மலேசியாவுக்கு உரியவை என்று முடிவானது. 2004 இறுதிக்குள் தீவில் இருந்த தங்கும் விடுதிகள் எல்லாம் வெளியேற்றப்பட்டன. அதிலிருந்து பக்கத்துத் தீவுகளான மாபுலிலோ கப்பாலாயிலோ செம்பொர்னாவிலோ தங்கி, பகலில் போய்த் திரும்புவதுதான் வழி. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று சபா பூங்காத் துறை பெர்மிட் கொடுக்கிறது. ஆரம்பத்தில் 120 என்று இருந்தது, பிறகு கூட்டினார்கள். ஆண்டில் ஒரு மாதம் தீவையே மூடி ஓய்வு கொடுக்கிறார்கள். பெர்மிட் ஆளின் பெயரில் வரும். ஒருவருடையதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. கடைசி நேரத்தில் "மச்சானை அனுப்புறேனே" என்று கேட்டவருக்கு நான் முடியாது என்று சொன்னதன் காரணம் இதுதான். கோபித்துக்கொண்டார். இப்போது பேசுகிறார்.

நமக்குக் கிடைத்த இடங்கள் ஆசைப்பட்டவர்களைவிடக் குறைவு. யாரை அனுப்புவது என்பதில்தான் ஆண்டின் பெரிய தகராறு வந்தது. மூத்த உறுப்பினர்களுக்கு முதலிடம் என்றார்கள் சிலர். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார்கள் சிலர். லாக்புக்கில், அதாவது முக்குளிப்புப் பதிவேட்டில், டைவ் எண்ணிக்கையைப் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. செயலவை மூன்றையும் ஏற்கவில்லை. தண்ணீரில் நின்ற இடத்தில் நிற்கத் தெரிந்தவர் போகலாம், தெரியாதவர் அடுத்த தடவை என்று முடிவெடுத்தோம். வாட்ஸ்அப் குழுவில் "பரீட்சை எழுதவா சங்கத்தில் சேர்ந்தோம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு அங்கே பதில் எழுதவில்லை. இங்கே சொல்கிறேன்.

சாதாரணப் பவளத் திட்டில் டைவ் செய்யும்போது கீழே தரை இருக்கிறது. கட்டுப்பாடு தவறினால் மணலில் போய் உட்காருவோம், அவ்வளவுதான். சிபாடானில் மலையின் பக்கம் செங்குத்தாக இறங்குகிறது, அதைத்தான் சுவர் என்கிறோம். சுவரில் அந்தத் தரை கிடையாது. காலுக்குக் கீழே நீலம் கறுத்துக்கொண்டே போகும். கொஞ்சம் இறங்கினால் நீர் அழுத்தத்தில் வெட்சூட் என்ற நீருடை நசுங்கும், மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையான பிசிடியில் இருக்கும் காற்றும் சுருங்கும். மிதப்பு குறைவதால் இன்னும் வேகமாக இறங்குவோம். கண்ணுக்கு அடையாளம் எதுவும் இல்லாததால் இறங்குவதே உறைக்காது; காதும், கையில் கட்டிய, ஆழம் காட்டும் கம்ப்யூட்டரும் சொன்னால் உண்டு. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு, ஒவ்வொரு மூச்சும் நான்கு மடங்கு காற்றைத் தின்னும். புத்தி மந்தமாவதும் அந்த ஆழத்தில்தான். இது போதாதென்று சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்கும் கரண்ட் (நீரோட்டம்) வேறு சில நேரம் வரும். நூற்றுக்கணக்கில் டைவ் செய்தவர்கூட எப்போதும் மணல் தரைக்கு மேலேயே நீந்திப் பழகியிருந்தால், சுவரில் அவரும் புது ஆள்தான்.

ஆகவே சோதனையை பெர்ஹெந்தியான் தீவில் வைத்தோம். தோக்கோங் லாவுட் என்ற பாறைக் குன்று அங்கே கடலடியிலிருந்து எழுந்து நிற்கிறது. இருபது மீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் மணல் வந்துவிடும். பிழை செய்தாலும் பெரிய ஆபத்தில்லை. பாறையிலிருந்து ஒரு கை தூரத்தில், எதையும் தொடாமல், காலில் மாட்டிய ஃபின் அடிக்காமல் நிற்க வேண்டும். ஐந்து மீட்டரில் மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்ற வேண்டும். அப்புறம் நடுநீரில் இருந்தபடியே, நூலில் கட்டிய மிதவைப் பையை மேலே அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் பலர் மாட்டினார்கள். பைக்குள் காற்று ஊதும்போது நூல் சுருளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடுகிறார்கள். நூலை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள் என்று படகிலேயே சொல்லியிருந்தோம். ஒருவர் சுற்றிக்கொண்டார். வந்து சேர்ந்தார், விரலும் வந்தது.

கேமரா வைத்திருக்கும் நண்பர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பாறை இடுக்கில் படுத்திருந்த மூங்கில் சுறாவைப் படம் எடுக்க ஒருவர் இரண்டு முழங்கையையும் பாறையில் ஊன்றியிருந்தார். கீழே கடல் முள்ளெலி இருந்ததை அது குத்திய பிறகுதான் பார்த்தார். குத்தியதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் தலைவர் அடித்துவிடுவார். ஆனால் அவர் அடுத்த டைவில் மிக அழகாக நின்றார்.

இனி சிபாடான். மாபுலில் தங்கினோம். படகில் அரை மணி நேரத்துக்குள் தீவு. முதலில் பூங்காத் துறை அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது 'டிராப் ஆஃப்'. கரையிலிருந்து நடந்தால் இடுப்பளவு தண்ணீர், இன்னும் சில அடி போனால் வெளிர்பச்சை சட்டென்று முடிந்து கருநீலம் தொடங்குகிறது. அந்தக் கோட்டின் மேலே நின்று குனிந்து பார்த்த நம் புது உறுப்பினர் ஒருவர், மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து "ஆத்தாடி" என்றார். பிறகு மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அதே சுவரில் ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் ஆமைக் குகையின் வாய் இருக்கிறது. உள்ளே வழி தெரியாமல் போய், மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்த ஆமைகளின் எலும்புகள் கிடக்கின்றன. குகைப் பயிற்சி இல்லாதவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது நம் விதி. வெளிச்சம் தெரியும் இடத்தோடு திரும்பினோம். ஏன் இன்னும் கொஞ்சம் போகவில்லை என்று பயணத்தில் வராதவர்கள்தான் கேட்கிறார்கள்.

விடிந்தும் விடியாமலும் செய்த டைவை நான் மறக்க மாட்டேன். 'பாரகுடா பாயின்ட்'டில் மொட்டைத் தலைக் கிளிமீன்கள் கூட்டமாக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம் இருக்கும், நெற்றி புடைத்து, பல்லை வெளியே காட்டிக்கொண்டு. அவை பவளத்தைக் கடிக்கும் நறநறச் சத்தம் தெளிவாகக் கேட்டது. கடித்த கையோடு பின்னாலிருந்து வெள்ளை மணலாகப் பொழிந்துகொண்டு போயின. நாம் பவளத் தீவுக் கரைகளில் வெறுங்காலோடு நடந்து ரசிக்கும் வெள்ளை மணலில் பெரும் பங்கு இந்த மாதிரி வந்ததுதான். சொன்னால் வீட்டில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பாரகுடாக் கூட்டமும் வந்தது. ஷீலா மீன் என்று சந்தையில் வாங்குகிறோமே, அந்தக் குடும்பம்தான். வட்டமாகச் சுழன்று மேலே ஏறியது. அதன் நடுவில் போக வேண்டாம், ஓரத்தில் நின்றால் அதுவே நம்மைச் சுற்றிக்கொள்ளும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். நிற்கத் தெரிந்தவர்களை அது சுற்றிக்கொண்டது. பேராமையும் அழுங்காமையும் எத்தனை என்று எண்ணுவதை முதல் நாளே விட்டுவிட்டோம்.

நடந்த ஒரு சம்பவத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 'சவுத் பாயின்ட்'டில் கரண்ட் பலமாக இருந்தது. அன்றைக்கு 30 மீட்டருக்குமேல் இறங்குவதில்லை என்று படகில் பேசி முடித்திருந்தோம். கீழே சுத்தியல் தலைச் சுறா ஒன்றின் நிழல் தெரிந்ததாக நம் உறுப்பினர் ஒருவர் நினைத்தார். கேமராவை நீட்டிக்கொண்டு இறங்கினார்; கம்ப்யூட்டர் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. அவருக்கு இணையாகப் போன அக்கா பின்னால் இறங்கவில்லை. தன் ஆழத்திலேயே நின்று முதுகிலிருக்கும் காற்று டேங்க்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த உறுப்பினர் நிமிர்ந்து பார்த்தார், வந்தார். மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் செய்யும் பாதுகாப்பு நிறுத்தம் முடியும்வரை அக்கா தன் உதிரி ரெகுலேட்டரைக் கையில் நீட்டிப் பிடித்தபடியே இருந்தார். அது தேவைப்படவில்லை. படகில் ஏறிய பிறகு அக்கா சொன்னது ஒன்றுதான்: "தம்பி, அடுத்த வாட்டி நான் வேற ஆள் கூடப் போறேன்." இருவரும் கீழே போயிருந்தால் உதவ ஆளே இருந்திருக்காது. அக்கா செய்தது சரி என்று செயலவை பதிவு செய்கிறது. அந்த உறுப்பினர் மீண்டும் தோக்கோங் லாவுட்டில் தொடங்குவார், அவரே ஒப்புக்கொண்டார்.

மாபுலுக்குப் பக்கத்தில் டைவ் செய்தபோது தொலைவில் 'டும்' என்று ஒரு சத்தம் நெஞ்சில் மோதியது. மீன் பிடிக்க வைக்கும் மீன்வெடி. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்குமேல் வேகமாகப் போவதால் எந்தப் பக்கம் என்று காது கண்டுபிடிக்காது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். 2019 ஜூலையில் செம்பொர்னா கடலில் டைவ் செய்த மூவர் இறந்ததற்கு இதுவே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டதை மறக்க வேண்டாம். வழிகாட்டி கைகாட்டியதும் டைவை முடித்து ஏறிவிட்டோம். வெடி வைத்த இடத்தில் பவளம் சல்லியாகிவிடும். சல்லி உருண்டுகொண்டே இருப்பதால் புதுப் பவளம் ஒட்டவும் முடியாது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விட்டோம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. அந்த நாளில் கினபாலு பூங்காவுக்குப் போகலாமே என்று ஒரு யோசனை வந்தது. தூரத்தை விடுங்கள், பூங்கா வாசலே 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைந்தால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகும், அதற்கு விமானமும் மலையும் ஒன்றுதான். பதிலாக செம்பொர்னாவுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் தெங்கோராக் குன்றுக்குப் போனோம். புதிய கற்கால மட்பாண்டம் செய்த இடம். பாப்புவா நியூ கினி பக்கத்து நியூ பிரிட்டன் தீவிலிருந்து வந்த எரிமலைக் கண்ணாடிக் கல் அங்கே கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அவ்வளவு கடலைக் கடந்திருக்கிறார்கள். நாம் லைஃப் ஜாக்கெட் பட்டி சரியில்லை என்று படகுக்காரரிடம் சண்டை போட்டோம். (சண்டை நியாயமானது.)

பவளக் கணக்கெடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. பவளத் திட்டுகளைக் கணக்கெடுக்கும் ரீஃப் செக் மலேசியா அமைப்பின் பயிற்சி பெற்ற நம் உறுப்பினர்கள் தியோமான் தீவில் உதவினார்கள். நூறு மீட்டர் நாடாவை விரித்து, மீன், முதுகெலும்பில்லா உயிர்கள், அடித்தளம் என்று தனித்தனியாக எண்ணும் வேலை. சுவாரசியம் இல்லை, முதுகு வலிக்கும். ஆனால் 2010இல் வெளிறல் (கடல் சூடேறிப் பவளம் நிறமிழப்பது) காரணமாகத் தியோமான், ரெடாங் பக்கம் பல டைவ் இடங்களை மூட வேண்டி வந்தது. 2024இல் உலக அளவில் நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. எது போனது, எது மீண்டது என்று பேச இந்தக் கணக்குதான் வேண்டும். இன்னும் ஆள் தேவை. சிபாடானுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேராவது இதற்கும் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கருவிகள்: சங்கத்தின் டேங்க்குகள் சோதனைக்குப் போய் வந்தன. இரண்டு பழைய பிசிடிகளைக் கழித்துவிட்டோம். இரவல் போன டார்ச் விளக்கு இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயலவை மூன்று முன்மொழிவுகளை வைக்கிறது. சுவர் டைவுக்கு முன் தண்ணீரில் நிற்கும் சோதனை நிரந்தர விதியாக வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கு வரும் ஒவ்வொருவரும் முக்குளிப்புக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சைக்கும் அவசர விமானத்துக்கும் ஆகும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. படகில் கொண்டுபோக நமக்கென்று ஓர் ஆக்சிஜன் முதலுதவிப் பெட்டி வாங்க வேண்டும். பெட்டியின் விலையைக் கேட்டுப் பொருளாளர் முகம் சுளித்தார். வாக்கெடுப்பில் அவரைத் தோற்கடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முன்மொழிவுகள் மீது பேச விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். சாப்பாடு ஒரு மணிக்கு.

இப்படிக்கு,
செயலாளர்